புருல் சொல்லாத பெயர்கள்

மேல்காற்று அடிக்கத் தொடங்கினால் எங்கள் தெருவில் யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள். திறந்தால் புழுதி பல்லில் நறநறக்கும். அப்படி ஒரு நாளில்தான் எர்மத் தன் வீட்டு மண்கூரைமேல் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தான். கூரைக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும்.

கீழே முற்றத்தில் நாங்கள் ஆப்ரிகாட் பிளந்துகொண்டிருந்தோம். நன்றாகப் பழுத்ததைக் கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டாகப் பிரியும். கொட்டை கூடைக்குப் போகும். சதை தட்டுக்குப் போகும். தட்டு நிறைந்ததும் கந்தகப் புகை அறையில் ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் கூரைக்கு ஏற்றி வெயிலில் பரப்புவோம். பத்கேன் பக்கம் கோடை முழுக்க எல்லா வீட்டிலும் இதே வேலைதான். விரல் நுனிகள் கறுத்துப்போயிருக்கும். பள்ளிக்கூடம் திறக்கிறவரை அந்தக் கறை போகாது. நான் அங்கே கணக்கு வாத்தியார். கறுத்த விரலோடுதான் கரும்பலகையில் எழுதுவேன்.

முற்றத்தில் எர்மத்தின் அக்கா உம்சுன் இருந்தாள். கணவனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்து பல வருடம் ஆகிறது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வீட்டுக்கு அவள்தான் எல்லாம். எர்மத்தின் பெரியப்பா மகனைக் கட்டிய சினார் இருந்தாள். எதிர்வீட்டு மைராம்கானும் கோடிவீட்டு ராபியாவும் இருந்தார்கள். அப்புறம் நான். என் தோட்டத்துப் பழமும் அந்தக் குவியலில் இருந்தது. வசந்தத்தில் என் மனைவி தாசகுல் இறந்த பிறகு வந்த முதல் அறுவடை அது. பழம் தானாக விழுந்து கிடந்தது, நான் பொறுக்கவில்லை. ஒரு காலை உம்சுன் வாளிகளோடு சுவரைத் தாண்டி வந்து அள்ளிக்கொண்டு போனாள். என்னைக் கேட்கவில்லை. பழம் போன வழியே நானும் போய் உட்கார்ந்தேன்.

"மருமகளே!" என்று சினார் கூரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "எறங்கி வா. புருசன்கூடப் பேசினது போதும். டீ ஆறுது."

எர்மத்துக்கு அது பழகிவிட்டது. மாஸ்கோவில் கட்டட வேலையில் முதுகு போய்த் திரும்பி வந்தவன் அவன். அவன் வந்த பிறகு மனைவி புருல் கிளம்பினாள். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் படித்துக்கொண்டே வேலை. மூன்றாவது வருடம் ஓடுகிறது. இங்கே ரொட்டி சுடுவதும் மகளுக்குச் சடை பின்னுவதும் எர்மத்தான். அதனால் தெருப் பெண்களுக்கு அவன் மருமகள்.

அவன் ஏணியில் இறங்கி வந்து, நெஞ்சில் கைவைத்துப் புது மருமகளைப்போல் குனிந்தான். மைராம்கான் சிரித்துப் பழத்தை நழுவவிட்டாள்.

"என்ன சொல்றா?" என்றாள் உம்சுன்.

"படிப்பு முடிஞ்சிருச்சு அக்கா. நிரந்தரமா வேலைக்கு எடுத்துக்கிறாங்களாம். அப்புறம் என்னையும் பாப்பாவையும் கூட்டிக்கலாமாம்."

"அப்பாடா."

"ஒரு காகிதம் வேணுமாம். நம்ம ஊர்ல இருந்து. போலீஸ் காகிதம். அவமேல குத்தம் எதுவும் இல்லேன்னு. இலையுதிர் காலத்துல விசா முடியுது. அதுக்குள்ள அந்தக் காகிதம் கைக்கு வந்தா வேலை. இல்லேன்னா பெட்டியக் கட்டணும்."

பிளந்துகொண்டிருந்த கைகள் நின்றன. காற்று மட்டும் தகரக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அவமேலதான் இருக்கே," என்றாள் ராபியா.

"அது என்னைக்கோ கழிஞ்சுபோன கதை," என்றாள் மைராம்கான். "இன்னுமா எழுதி வச்சிருப்பாங்க?"

உம்சுன் ஒரு பழத்தை எடுத்தாள். அழுத்திய வேகத்தில் அது சாறாகிப் போனது.

அந்தக் கதை தெருவில் எல்லாருக்கும் தெரியும். நான் அந்தக் கோடையில் ஓஷ் நகரில் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் ஆண்கள் எல்லாரும் ரஷ்யாவில். தெருவில் பெண்கள்தான். வாய்க்காலில் எங்கள் முறை வந்தும் தண்ணீர் வரவில்லை. மேலே மதகில் யாரோ பூட்டுப் போட்டிருந்தார்கள். மடைக்காரரைக் கேட்டால் மேலே கேளுங்கள் என்றார். மேலே கேட்டால் மடைக்காரரைக் கேளுங்கள் என்றார்கள். மரங்கள் பச்சைக் காயாகவே உதிர்த்துக்கொண்டிருந்தன. நட்ட நடுப்பகலில் ஆறு பெண்கள் கோடரியோடு நடந்து போய்ப் பூட்டை உடைத்தார்கள். ஆறாவது ஆள் புருல். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத மருமகள்.

மறுநாள் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். மற்ற ஐந்து பேரும் போயிருந்தார்கள். புது மருமகள் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதனால் புருல் போகவில்லை. அன்றைக்குத்தான் விசாரிக்கிற ஆள் வந்தார்.

அதற்குமேல் சினார் நடித்தே காட்டுவாள். அன்றும் காட்டினாள். பழக்கூடையைத் தொப்பிபோலத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"அந்தத் தம்பி கேக்குது, 'மதகுகிட்ட யார் யாரும்மா இருந்தீங்க?' இவ தலையக் குனிஞ்சுகிட்டு சொல்றா, 'பெரியவங்க இருந்தாங்க. நெழலக்கா இருந்தாங்க. தேன்வாயக்கா, நெட்டையக்கா, மாவுக்கை அக்கா.' அந்தத் தம்பி பேனாவக் கீழ வச்சிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். உம்சுன்கூட.

எங்கள் பக்கத்தில் மருமகள், கணவன் வழியிலும் கணவன் தெருவிலும் மூத்தவர்கள் பெயரைச் சொல்லக்கூடாது. அவளாக ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவாள். புருலுக்கு உம்சுன் பெரியவங்க. சினார் என்பது ஒரு மரம், அதனால் நிழலக்கா. தெருமுனையில் நிற்கிற சினார் மரத்தைக்கூட அவள் பெயர் சொல்லிச் சொன்னதில்லை. மைராம்கான் தேன்வாய். ராபியா நெட்டை. என் மனைவி எப்போதும் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பாள், அதனால் மாவுக்கை.

"அந்தத் தம்பியும் நம்ம பயதானே," என்றாள் மைராம்கான். "'எங்கம்மாவும் இப்பிடித்தாம்மா பேசுவாங்க. ஆனா கோர்ட்டுல நெட்டையக்கா ஆஜர்னு கூப்பிட முடியாதே. ஒரு பேராவது சொல்லும்மா'ன்னு கெஞ்சியிருக்கான்."

"தெருவுல அவ வாயால சொல்லக்கூடிய பேரு ஒண்ணே ஒண்ணுதானே இருந்துச்சு," என்றாள் சினார். கூடையைத் தலையிலிருந்து எடுத்தாள். "அவ பேரு."

கல்யாணத்திலிருந்து திரும்பியவர்கள் அப்படியே விருந்து உடையோடு காவல் நிலையத்துக்கு நடந்தார்களாம். கையெழுத்து வாங்கியாயிற்று, ஒன்று போதும் என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கு நடந்தது. சிறை இல்லை. ஒரு வருடம் மாதாமாதம் நிலையத்தில் போய் நிற்க வேண்டும் என்று தீர்ப்பு. ஒரு மாதம்கூட அவளைத் தனியாக அனுப்பவில்லை. ஐந்து பேரும் முறை வைத்துக்கொண்டு கூடவே போனார்கள்.

*

தன் சார்பில் காகிதம் வாங்கச் சொல்லி அதிகாரப் பத்திரம் புருலிடமிருந்து வந்ததும் எர்மத்தும் நானும் பத்கேன் போனோம். மனு எழுத, ஜன்னல் ஜன்னலாக நிற்க, அவனுக்கு நான் வேண்டும். எனக்கும் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. வேனில் எங்கள் காலடியில் யாரோ ஒருவருடைய ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. எர்மத் வழி முழுக்க அதன் காதைத் தடவிக்கொண்டே வந்தான்.

"வாத்தியாரே, காகிதம் சுத்தமா வருமா?"

"சட்டப்படி கழிஞ்சுபோச்சு."

"நான் அதக் கேக்கல."

"தெரியாது," என்றேன்.

அலுவலகத்தில் இருந்த பெண் சின்ன வயது. மனுவை வாங்கிப் பார்த்தாள், பத்திரத்தைப் பார்த்தாள், கூப்பிடுகிறோம் என்றாள். திரும்பும் வழியில் எர்மத் சந்தையில் மகளுக்கு ஒரு ரிப்பன் வாங்கினான்.

கூப்பிட்டார்கள். போனோம். அந்தப் பெண் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். முத்திரை இருந்தது. புருலின் பெயர், பிறந்த நாள், ஊர். கீழே ஒரு வரி. பொதுநீர் அமைப்பைச் சேதப்படுத்தியதற்காக இன்ன வருடம் தண்டிக்கப்பட்டார், தண்டனை கழிந்தது.

"கழிஞ்சதுன்னு போட்டிருக்கே," என்றான் எர்மத். "அப்புறம் எதுக்கு எழுதணும்?"

"வெளிநாட்டுக்குப் போற காகிதம் அண்ணே. இருந்தத எல்லாம் எழுதணும். நானா விட முடியாது." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "தண்ணிக்காகவா?"

"ஆமா."

"எங்க ஊர்லயும் போன வருசம் மரமெல்லாம் காஞ்சுபோச்சு," என்றாள். காகிதத்தை மடிக்காமல் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தாள்.

*

நாங்கள் தெருவுக்குள் நுழையும்போது மேற்கே வானம் கறுத்திருந்தது. மழை வரக்கூடாத மாதம். கூரைமேல் வாரக்கணக்கில் காய்ந்த பழம் கிடந்தது. ஒரு தூறல் போதும், மொத்தமும் கறுத்து ஒட்டிப்போகும்.

"எல்லாரும் மேல!" என்று உம்சுன் கத்தியது தெருமுனை வரை கேட்டது. எர்மத் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான். முதுகுவலிக்காரன் ஏணியில் இரண்டு படியாகத் தாவினான். நான் கீழே நின்று தட்டுகளை வாங்கினேன். சினார் கொட்டகைக்குள் அடுக்கினாள். மைராம்கானும் ராபியாவும் தார்ப்பாயை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்தார்கள். காற்று அதைப் பிடுங்கியது. ராபியா அதன்மேலேயே குப்புறப் படுத்துவிட்டாள்.

"நெட்டையா இருக்கிறது இதுக்காவது உதவுதே!" என்று மைராம்கான் கத்தினாள்.

"நீ உன் தேன்வாயத் தொறந்து மழைய நிப்பாட்டு பாப்போம்!"

கடைசித் தட்டு உள்ளே போகவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. எல்லாரும் சமையலறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எர்மத் காலையில் சுட்ட ரொட்டியைப் பிட்டுப் போட்டு, தொட்டுக்கொள்ள ஆப்ரிகாட் ஜாம் வைத்தான். தயிரைக் கரைத்து உப்புப் போட்டுக் கிண்ணங்களில் ஊற்றினான். எல்லாரும் குடித்து முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு உறையை வெளியே எடுத்தான்.

"வந்திருச்சு. அந்த வரியோட."

உம்சுன் வாங்கிப் படித்தாள். ராபியாவிடம் கொடுத்தாள். காகிதம் கைமாறிக் கைமாறி எர்மத்திடமே திரும்பியது. ஓரத்தில் மாவும் பழச்சாறும் ஒட்டியிருந்தன.

"ஒரு ஆள் இருக்கான்," என்றான் எர்மத், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. "சந்தையில சொன்னாங்க. இந்த வரி இல்லாம வாங்கித் தருவானாம். முத்திரையெல்லாம் அதே மாதிரி இருக்குமாம்."

"போலி," என்றேன்.

"ஆமா, போலிதான். அவ அங்க எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சா தெரியுமா வாத்தியாரே? பாஷையே தெரியாம போனா. ஒரு வரிக்காகத் திரும்பி வரணுமா?"

"அப்ப அந்த வரிய அழிக்கணும்ங்கிற," என்றாள் உம்சுன்.

"அழிச்சா என்ன அக்கா?"

"டேய், நீ மாஸ்கோவுல செங்கல் தூக்கிட்டு இருந்தப்ப இந்த வீட்டு மரத்தக் காப்பாத்தினது அந்த வரி. நீ இப்பத் தின்ன ரொட்டிக்குத் தொட்டுக்க வச்சிருக்கிற ஜாம் அந்த வரி. அதப் போய் அழிக்கப் போறியா?"

"அவளுக்கு வேலை போயிரும் அக்கா!"

"போகட்டும். பொய்க் காகிதம் குடுத்து வேலை வாங்கினா அது புருல் வாங்கினதா? எவளோ ஒரு சுத்தமான பொம்பள வாங்கினது. அந்தச் சுத்தமான பொம்பள நம்ம வீட்டுல இல்ல."

எர்மத் முகம் சிவந்தது. "உனக்கென்ன, சொல்லுவ. கையெழுத்துப் போட்டது அவ. நீயா போட்ட?"

உம்சுன் தலைத்துணியை அவிழ்த்துப் பிழிந்து மறுபடி கட்டினாள்.

"நான் போடல," என்றாள். "அதனாலதான் சொல்றேன்."

சினார் எழுந்து எர்மத்தின் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தயிர் ஊற்றினாள். "மருமகளே, நாமளே ஏன் அடிச்சுக்கணும்? அவளுக்குப் போனப் போடு. அவ பேரு, அவ முடிவு."

*

மழை விட்டதும் கூரைக்கு ஏறினோம். மண் ஈரமாக இருந்தது. எர்மத் போனை ஒரு கவிழ்த்த வாளிமேல் வைத்து ஒலியைக் கூட்டினான். சுற்றி உட்கார்ந்தோம். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அந்த ஆளைப் பற்றியும் சொன்னான்.

புருலுக்குப் பின்னால் யாரோ ஒரு முதியவர் இருமுவது கேட்டது.

"வந்தத அப்படியே அனுப்புங்க," என்றாள்.

"புருல்..."

"இங்க கெழவங்களுக்கு மாத்திரை குடுக்கிறது நான்தான். அலமாரி சாவி என் கழுத்துல தொங்குது. பொய் சொல்லிட்டு அத எப்படி மாட்டிக்கிறது? அப்படியே அனுப்புங்க."

உம்சுன் கண்ணை மூடித் திறந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஆனா ஒண்ணு," என்றது போன். "வரி இருந்தா என்ன நடந்துச்சுன்னு எழுதித் தரணும்னு பொறுப்பாளரம்மா சொல்லியிருக்காங்க. கூட யார் இருந்தா, ஏன் செஞ்சீங்க, எல்லாம். சாட்சி பேரோட."

"எழுது," என்றாள் உம்சுன்.

"எப்படி எழுதுறது?"

"எங்க பேரப் போட்டு எழுது."

"பெரியவங்க பேர நான் எப்படி...?"

"அடியே, நீ ஜெர்மனியில இருக்க! அங்க எவ கேக்கப் போறா?"

"எனக்குக் கேக்குமே," என்றாள் புருல்.

ராபியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள்.

"சரி, வாயத் தொறக்காத," என்றாள் உம்சுன். "நாங்களே எழுதுறோம். அன்னைக்குத்தான் எங்கள யாரும் கேக்கல. இப்பக் கேட்டிருக்காங்க. வாத்தியாரே, பேனா எடு."

அங்கேயே எழுதினேன். பலகைக்குப் பதில் காலித் தட்டு. தண்ணீர் முறை, பூட்டு, உதிர்ந்த காய்கள், நடுப்பகல். ஒருத்தி சொல்ல ஒருத்தி திருத்தினாள். கோடரி யாருடையது என்று மைராம்கானும் ராபியாவும் சண்டை போட்டார்கள். இருவருமே தங்கள் வீட்டுக் கோடரி என்றார்கள்.

"பூட்ட ஒடச்சது யாருன்னு எழுதணும்," என்றேன்.

"நாங்கன்னு எழுது."

"கோடரி ஒண்ணுதானே. புடிச்ச கை யாரோடது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டு அடி நான் போட்டேன்," என்றாள் உம்சுன். "பூட்டு அசையல. கை வழுக்குச்சு. மூணாவது அடி உன் பொண்டாட்டி போட்டா."

என் பேனா காகிதத்திலேயே நின்றது.

"மாவு பெசைஞ்சுகிட்டு இருந்தவள நான்தான் கூப்பிட்டேன். கையக் கழுவாம வந்தா. மாவு காஞ்சு பிசுபிசுன்னு இருந்துச்சுல்ல, அவளுக்குக் காம்பு வழுக்கல. ஒரே அடி. பூட்டு ரெண்டாப் போய் தண்ணியில விழுந்துச்சு." உம்சுன் நிறுத்தினாள். "அவ உனக்குச் சொல்லலையா?"

"நாங்க ஒடச்சோம்னு சொன்னா."

"சரியாத்தான் சொல்லியிருக்கா," என்றாள் உம்சுன்.

தாசகுல் கெட்டியான ஆள் இல்லை. கோழியைக்கூட என்னிடம்தான் அறுக்கக் கொடுப்பாள். கோடரி பிடித்த அவளை நினைத்துப் பார்க்க முயன்றேன். முதலில் மாவு படிந்த கைகள் மட்டும்தான் வந்தன. பிறகு கோடரி வந்தது. பிறகு முகம் வந்தது. அந்த வசந்தத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி இல்லாமல் அவள் முகம் எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது அடியை என் மனைவி தாசகுல் அடித்தாள் என்று எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்தது.

*

மறுநாள் நாலு பெண்களும் நல்ல உடை உடுத்தி, நல்ல தலைத்துணி கட்டி, பத்கேனுக்குப் புறப்பட்டார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள்போல இருந்தார்கள். அன்றைக்கு விட்டுப்போனதை இன்றைக்குச் சரிசெய்கிறோம் என்று சினார் வேன்காரனிடம் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை.

கையொப்பத்துக்குச் சான்று தருகிற அதிகாரி நடுத்தர வயதுக்காரர். முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"குத்தம் செய்யலேன்னு எழுதிக்கிட்டு வர்றவங்களத்தான் பாத்திருக்கேன்," என்றார். "செஞ்சோம்னு சண்டை போட்டுக்கிட்டு வர்றது இதுதான் மொதத் தடவ."

"பழைய கேசுதானே, புடிச்சு உள்ள போட முடியுமா?" என்றாள் மைராம்கான்.

"காலம் கடந்துபோச்சும்மா."

"அடச்சே," என்றாள் ராபியா.

"அஞ்சு பேருன்னு எழுதியிருக்கு. நாலு பேர்தான் நிக்கிறீங்க."

"அஞ்சாவது ஆள் என் மனைவி," என்றேன். "இறந்துட்டா."

"அப்ப அவங்க சாட்சியா வர முடியாதே. எடுத்துரலாமா?"

"எடுக்கக் கூடாது," என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் யோசித்தார். அந்த விவரம் அப்படியே இருக்கட்டும், கையெழுத்து மட்டும் நாலு பேருடையது என்றார். உம்சுன் ஒத்துக்கொண்டாள். பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் போய்ப் பெயரை உரக்கச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். எர்மத் சுவரோரம் நின்றிருந்தான். உம்சுன் கையெழுத்திட்டுத் திரும்பியபோது அக்காவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். "போடா," என்றாள் அவள்.

இரண்டு காகிதங்களையும் எர்மத்தே தலைநகருக்குக் கொண்டுபோய், வெளிநாட்டில் செல்லும்படி மேல்முத்திரை வாங்கி அனுப்பினான்.

*

பதில் வருவதற்குள் பழம் முழுக்கக் காய்ந்துவிட்டது. மூட்டை கட்டுகிற நாளில் போன் வந்தது. எல்லாரும் கூரையில்தான் இருந்தோம். எர்மத் போனை அதே வாளிமேல் வைத்தான்.

"வேலை குடுத்துட்டாங்க," என்றாள் புருல்.

எர்மத் அப்படியே தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான். சினார் ஒரு கை பழத்தை அள்ளி அவன் தலையில் கொட்டினாள்.

"என்ன கேட்டா அந்தப் பொறுப்பாளரம்மா?" என்றாள் உம்சுன். "ஒண்ணு விடாம சொல்லு."

"நீங்க எழுதினத எடுத்து வச்சுகிட்டு, 'இத எனக்கு நீயே படிச்சுக் காட்டு, உன் வாயால கேக்கணும்'னாங்க. பேரெல்லாம் இருக்கே. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒரு நிமிசம்னு சொல்லி எழுந்துகிட்டேன். தலையில துணியக் கட்டினேன். ஒவ்வொரு பேருக்கும் குனிஞ்சு குனிஞ்சு படிச்சேன். அந்தம்மா எனக்கு முதுகுவலின்னு நெனச்சு நாற்காலிய இழுத்துப் போட்டாங்க."

மைராம்கான் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

"படிச்சு முடிச்சேன். அந்தம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. 'மரம் பொழைச்சுதா?' என் பெட்டியில நீங்க குடுத்தனுப்பின பழம் கொஞ்சம் இருந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். அந்தம்மா தின்னுகிட்டே கையெழுத்துப் போட்டாங்க."

உம்சுன் மூட்டையின் வாயை முறுக்கிக் கட்டினாள்.

"அங்க சொல்லிட்ட," என்றாள். "இங்க ஒரு தடவ சொல்லு. நாங்களும் கேக்கணும்."

"பெரியவங்களே..."

"பெரியவங்கதான் சொல்றேன். சொல்லு."

போனில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து நிற்கிறாள்.

"உம்சுன் மதினி."

"இருக்கேன்," என்றாள் உம்சுன்.

"சினார் அக்கா."

"இருக்கேன்டி."

"மைராம்கான் அக்கா."

"இருக்கேன், இருக்கேன்."

"ராபியா அக்கா."

"இங்கதான் இருக்கேன், நெட்டையா."

"தாசகுல் அக்கா."

கூரையில் காற்று இல்லை. கீழே எர்மத்தின் மகள் கல்லால் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தமும் நின்றது. நாலு பேரும் தலை குனிந்திருந்தார்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

"இருக்கா," என்றேன்.

"சரி அண்ணே," என்றாள் புருல்.

உம்சுன் கயிற்றை என் பக்கம் எறிந்தாள். அடுத்த மூட்டையை நான் கட்டினேன்.